ஏரி மேல் கிறிஸ்துமஸ் மரங்கள்

ஹால்வர் பே, மினசோட்டா
ஜனவரி 15, 1968

அன்புள்ள அக்காவுக்கு,

வெர்லின் எழுதுவது. இங்கே குளிர் மோசமில்லை. நேற்றுக் காலை விறகு எடுக்கப் போனபோது இமைமுடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

உன் வீட்டுப் புகைபோக்கி என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. அப்படியிருந்தும் ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறேன் என்று தபால்கார எல்டோரா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "உறைஞ்ச ஏரிக்குக் குறுக்கால நடந்தா கால் மணி நேரம். இது டுலூத் வரைக்கும் போய் முத்திரை குத்திக்கிட்டுத் திரும்பி வரணும்பா. நீயே கொண்டுபோய்க் குடுக்கக் கூடாதா?" என்கிறாள். வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன் என்று நீ சொல்லியிருப்பதை அவளிடம் சொல்ல முடியுமா? டெலிபோனில் பேசலாம் என்றால் நம் கரை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைன். ரிசீவரை எடுத்ததுமே, ஒட்டுக்கேட்கும் பெர்னிஸ் மூச்சு விடுவது கேட்கும். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. நேற்று மதியம் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்றால், கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தார். மேஜையில் உட்கார்ந்து, "ஆர்டிஸ் எங்க? காப்பி இன்னும் வெக்கலையா?" என்றார்.

"கடைக்குப் போயிருக்கா" என்றேன். காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நீ வெச்சதா? ஆர்டிஸ் வரட்டும், அவ கையால குடிச்சிக்கறேன்" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். காப்பி மோசமாகத்தான் இருந்தது, அதில் அவர் தெளிவாகத்தான் இருந்தார்.

பிறகு பாதி ஏரி வரை கூடவே நடந்து, உன் வீட்டைக் காட்டி அனுப்பினேன். நீ ஜன்னலில் நின்றதைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்தில், சர்ச்சில் எல்லார் முன்னிலையிலும் "அத்தான், இதே கதையை இப்ப மூணாவது தடவை சொல்றீங்க" என்று நான் வாயை விட்டது தப்பு. இடம் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் அக்கா, அவர் மூன்று தடவை சொன்னார்.

உன் தம்பி,
வெர்லின்

*

ஜனவரி 19

வெர்லினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூண்டில் புழு விற்கிற கவுண்டரிலேயே தபாலும் வைத்திருப்பதால் உறையில் மீன் வாடை. உள்ளே இருந்ததற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

வெயில் பட்டுப் பனி கண்ணைக் கூச வைக்கும்போது யாரும் வழி தவறலாம். போன வருஷம் கடைக்கார கெர்மிட், ஐஸ் மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் தன் மீன் குடில் என்று நினைத்து வேறு யாருடையதிலோ பாதிநாள் உட்கார்ந்திருந்தான். அவனைப் பைத்தியம் என்று யாராவது சொன்னார்களா? பெண்டாட்டி பிள்ளை இல்லாத உனக்கு அடுத்த வீட்டைப் பைனாகுலரில் பார்ப்பதைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது?

முப்பது வருஷமாக இந்த ஏரியில் வெளியூர்க்காரர்களுக்கு மீன் காட்டிக் கொடுத்தவர் அவர். கோடையில் இங்கே வந்து நம் கேபின்களில் தங்குகிறவர்கள் இன்னும் அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள். அவருக்கு ஏரியில் வழி தெரியாதாம்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இதை நீ யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. கெர்மிட்டிடமோ, சர்ச்சிலோ, எல்டோராவிடமோ. ஊருக்குத் தெரிந்தால் மினியாபொலிஸில் இருக்கும் கார்லுக்குத் தெரியும். அவன் நல்ல பிள்ளைதான், என் வயிற்றில் பிறந்தவன்தான். ஆனால் நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வந்தபோதே ஒரு முதியோர் விடுதியின் படம் போட்ட காகிதத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். செங்கல் கட்டடம். முன்னால் கார் நிறுத்தும் இடம். அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு செங்கல் சுவர்தான் தெரியும். அவரை அங்கே உட்கார வைத்தால் ஒரு மாதம் தாங்க மாட்டார், வெர்லின். ஒரு மாதம்.

சத்தியம் பண்ணிக் கொடு.

ஆர்டிஸ்

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சத்தியம். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது. பரவாயில்லை.

நீ கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி, செய்து முடித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்து எல்லாரும் படகுத்துறையில் கொண்டுவந்து போட்ட மரங்களை நடுவதற்கு வழக்கம்போல ஆட்கள் போனோம். ஊரிலிருந்து தீவுக்குப் போகும் ஐஸ் பாதைக்கு இரண்டு பக்கமும் வழி அடையாளமாக நட்டது போக நிறைய மீந்துவிட்டது. அவற்றை என் வண்டியில் போட்டுக்கொண்டேன். "எதுக்குடா?" என்று கெர்மிட் கேட்டான். "எனக்குப் பார்வை மங்குது" என்றேன். அதை நம்பிவிட்டான்.

அவற்றை உன் படகு மேடையிலிருந்து அத்தானின் மீன் குடில் வரைக்கும் வரிசையாக நட்டிருக்கிறேன். ஐஸில் துளை போட்டு, மரத்தை நிறுத்தி, தண்ணீர் ஊற்றினால் போதும், இரும்பு மாதிரி இறுகிவிடுகிறது. இனி பனி எப்படிக் கொட்டினாலும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் தெரியும். சிலவற்றில் இன்னும் ஜிகினா தொங்குகிறது. அதை எடுக்கவில்லை.

மரத்தைப் பிடித்துக்கொண்டே போங்கள், பிடித்துக்கொண்டே வாருங்கள் என்று அவரிடம் சொல்லி வை. நான் சொன்னதாகச் சொல்லாதே. பார்வை மங்குவது எனக்குத்தான்.

வெர்லின்

*

பிப்ரவரி 3

தம்பி,

மரங்களைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் குடிலுக்குள் போகிற வரைக்கும் எந்த மரத்தருகே இருக்கிறார் என்று தெரிகிறது. பாத்திரம் கழுவுகிறேன் என்ற பேரில் காலை முழுக்கத் தொட்டி முன்னால்தான் நிற்கிறேன். நேற்று கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அவர் படகு மேடையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு நட்டது?"

"வெர்லின்."

"யாரு வெர்லின்?"

"என் தம்பிங்க."

"நல்ல பையனா இருக்கானே. கல்யாணம் ஆயிடுச்சா?"

சிரிக்காதே. நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சமையலறைக்கு வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருக்கிறது வெர்லின். இதை எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், எழுதிவிட்டேன். காலையில் கண் விழிக்கும்போது இன்றைக்கு என்னை யார் என்று கேட்டுவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை. "ஆர்டிஸ், எழுந்துட்டியா?" என்கிறார். அப்புறம்தான் மூச்சு விடுகிறேன்.

குடிலிலிருந்து சர்ச் பக்கம் போகும் வரிசையை எப்போது நட்டாய்? அதுவும் நல்லதுதான். சர்ச்சில் கொடுக்கும் வியாழக்கிழமை சூப்புக்கு அவர் தானே போய்க்கொள்வார். கெர்மிட் கடைக்குப் போகிற வரிசைக்கும் நன்றி.

அக்கா

*

பிப்ரவரி 8

அக்கா,

சர்ச் பக்கம் நான் ஒரு மரமும் நடவில்லை. கெர்மிட் கடைப் பக்கமும் இல்லை.

உன் கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன். குடிலைச் சுற்றி நாலா திசையிலும் வரிசை போகிறது. ஒன்று கடைக்கு. ஒன்று சர்ச்சுக்கு. ஒன்று என் வீட்டுக்கே வருகிறது, அத்தான் இங்கே வந்தது யாருக்கோ தெரிந்திருக்கிறது. பெர்னிஸ் வீட்டுக்குக்கூட ஒன்று, அதில் பிளாஸ்டிக் மரம்!

காலைக் காப்பிக்குக் கடையில் எல்லாரும் இருந்தபோது, "ஏரி மேல காடே வளர்ந்துடுச்சு போலிருக்கே, யாரோட வேலை?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். எல்லாரும் அவரவர் கோப்பையைப் பார்த்தார்கள். "அழகாத்தான் இருக்கு" என்றாள் எல்டோரா. "ஆமா, மோசமில்ல" என்றான் கெர்மிட். பேச்சு மீனுக்குப் போய்விட்டது. நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? வீடு எரிந்தால் அணைக்க வருவார்கள், ஆனால் எரிகிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள்.

அக்கா, ஊருக்கே தெரியும். உன் காதில் விழக் கூடாது என்று ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் வந்து நட்டிருக்கிறார்கள்.

என் கவலை அதில்லை. சர்ச்சுக்குப் போகும் வரிசை நேர்கோடாகப் போகிறது. நேர்கோடு என்றால் ஓடை வந்து ஏரியில் விழும் இடத்துக்கு மேலேயே. அங்கே அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஐஸ் எந்தக் காலத்திலும் தடிக்காது. இங்கே பிறந்த யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். யார் நட்டது என்று புரியவில்லை. அங்கே இருந்த மரங்களைக் குப்புறப் படுத்து ஊர்ந்து போய்ப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடி நிற்கின்றன. பிடுங்கினேன், மறுபடி நட்டிருக்கிறார்கள்.

என்னைச் சத்தியத்திலிருந்து விடுவி. ருடி அத்தானுக்காக, அவர் நிலைமை இப்படி, அந்த வரிசையை எடுங்கள் என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். அதுவரை தினமும் காலையில் நானே அங்கே போய் நிற்கிறேன்.

வெர்லின்

*

பிப்ரவரி 13

தம்பி,

முடியாது.

உனக்குப் புரியாது. ஒருத்தரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று நான் இருந்துவிடலாம். மரம் நட்டால் நடட்டும். நான் சொல்லிவிட்டால், அன்றைக்கே அது உண்மையாகிவிடும். கார்ல் வந்து பெட்டியைக் கட்டுவான். நான் எதைச் சொல்லித் தடுப்பேன்? நானே ஒத்துக்கொண்ட பிறகு?

அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். பனி கரைகிற வரைக்கும்தானே. பூட்ஸை ஒளித்து வைத்துவிட்டேன். எங்கே தெரியுமா? கேக் சுடும் ஓவனுக்குள். அங்கே அவர் தேட மாட்டார் என்று நினைத்தேன். மத்தியானம் மறந்துபோய், இறைச்சி வேக வைக்க ஓவனைச் சூடுபண்ணினேன். ரப்பர் உருகி வீடே நாறிவிட்டது. அவர் வந்து பார்த்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது சொல், எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது?

ஆனால் அப்புறம் அவர் பூட்ஸைத் தேட ஆரம்பித்தார். வீடு முழுக்க. நான் தெரியாத மாதிரி கூடவே தேடினேன். கடைசியில் படியில் உட்கார்ந்து, "நான் வேலைக்குப் போகணும் ஆர்டிஸ், ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்று அழுதார். திருமணமான நாளிலிருந்து இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

நான் அவரைச் சிறை வைத்திருக்கிறேன். செங்கல் கட்டடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசிக்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

ஆர்டிஸ்

*

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

டுலூத் மருத்துவமனையில் உனக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நர்ஸ் சொன்னாள். கால் எலும்பு நன்றாகச் சேரும் என்றும், நுரையீரலில் கட்டிய சளி குறைகிறது என்றும் சொன்னாள். இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். தண்ணீருக்குள் இருந்தவனுக்குக் கரையில் நடந்தது தெரிந்திருக்காது.

அன்று மூடுபனி. கொல்லைப் பக்கம் சாம்பல் கொட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அவர் இல்லை. என் சர்ச் செருப்பை, அந்தக் கறுப்பு ரப்பர் உறையோடு, மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். படகு மேடைக்கு ஓடினேன். முதல் மரம் தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. கூப்பிட்டேன். பதில் இல்லை. எந்த வரிசையில் போனார் என்று எனக்கெப்படித் தெரியும்? எல்லாத் திசையிலும் மரம்.

வீட்டுக்குள் வந்து ரிசீவரை எடுத்தேன். பெர்னிஸும் இன்னொருத்தியும் ஜெல்லியில் கேரட் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மூச்சும் கேட்டது. வெர்லின், நான் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

"ஆர்டிஸ் பேசறேன். என் ருடிக்கு நினைவு தப்பிப் போச்சு. ரொம்ப நாளாவே அப்படித்தான். உங்க எல்லாருக்கும் தெரியும்னு எனக்கும் தெரியும். இப்ப அவர் ஏரி மேல இருக்கார், எந்தப் பக்கம்னு தெரியல. ஓடைப் பக்கம் மரம் நிக்குது. தயவுசெஞ்சு யாராவது போங்க."

அப்புறம் டக், டக், டக் என்று ஒவ்வொருவராக ரிசீவரை வைக்கும் சத்தம். ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்து அந்த வெறும் லைனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் வெளியே வந்தேன். கரை நெடுக வீட்டுக் கதவுகள் அடித்துச் சாத்துவது கேட்டது. மூடுபனிக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கயிறு எடுத்து வந்தவர்கள், ஏணி எடுத்து வந்தவர்கள். பெர்னிஸ் ஏப்ரனோடு ஓடினாளாம்.

உங்கள் இரண்டு பேரையும் ஏணியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நீ நீலமாக இருந்தாய். அவருக்கு முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது, வேறொன்றுமில்லை. தண்ணீரில் விழுந்தவரை நீ குதித்து வெளியே தள்ளினாய் என்று கெர்மிட் சொல்கிறான். உனக்கு நான் என்ன சொல்வேன்? கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன வாய் இது.

மறுநாள் புதுப் பாஸ்டர் லோவெல் வந்து நின்றார். "நேர்கோடா நட்டா அவருக்குச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன்மா. எங்க ஊர்ல சோளக்காடுதான். ஏரிக்கு அடியில ஓடை ஓடும்னு எனக்கு யாரும் சொல்லல" என்று தேம்பினார். பின்னாலேயே கெர்மிட் வந்தான். "மரம் விழுந்து கெடந்துச்சு, காத்துல சாஞ்சிருக்கும்னு நான்தான் மறுபடி மறுபடி நட்டேன். ஓடை மேலன்னு பயந்துக்கிட்டேதான் போனேன், ஆனா நட்டவன் ஐஸ் தடிப்பைப் பார்த்துத்தான் நட்டிருப்பான்னு விட்டுட்டேன்" என்றான். நான் யாரைத் திட்டுவேன்? கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் கேட்டிருக்கலாம். எல்லாம் என் வாயில் இருந்தது. இரண்டு பேருக்கும் கேக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது தினமும் யாராவது வந்து அவரை நடக்க அழைத்துப் போகிறார்கள். கேட்பதில்லை, வந்து நிற்கிறார்கள்.

ஆனால் கார்ல் இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருகிறான். "அப்பாவால மாமா சாகப் பார்த்தார்மா. இன்னும் என்ன நடக்கணும்?" என்று போனில் கேட்டான். லைனில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டதில் தப்பில்லை.

உன் அக்கா

*

டுலூத்
பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சாப்பாடு மோசமில்லை. உப்பு மட்டும் இல்லை.

உன் கடிதத்தை நர்ஸ் படித்துக் காட்டினாள், கை இன்னும் வீங்கியிருக்கிறது. இதையும் அவள்தான் எழுதுகிறாள், அதனால் எழுத்து அழகாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே.

கெர்மிட் சொன்னது தப்பு. தண்ணீரில் விழுந்தது நான்.

அன்றும் காலையில் ஓடைப் பக்கம் மரம் பிடுங்கப் போயிருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து அத்தான் மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓடக் கூடாத இடத்தில் ஓடினேன். ஐஸ் பிளந்தது, விளிம்பில் கால் மடங்கியது, கழுத்து வரைக்கும் உள்ளே போய்விட்டேன். பிடிக்கப் பிடிக்க விளிம்பு உடைந்தது.

அவர் ஓடவில்லை. கத்தவில்லை. அப்படியே குப்புறப் படுத்தார். பக்கத்தில் நான் பிடுங்கிப் போட்டிருந்த மரத்தை அடிப்பக்கம் என் பக்கமாக நீட்டினார். "கிளைய விடு, தண்டப் பிடி. உதைக்காத. மீன் மாதிரி படுத்து நீந்து" என்றார். கோடையில் வெளியூர்க்காரர்களிடம் பேசுவாரே, அதே குரல். நான் பாதி உடம்பு மேலே வந்ததும் என் காலரைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் வருகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

எனக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. விட்டுவிடுங்கள் என்று சொன்னேனாம், அல்லது நினைத்தேன். அப்போது அவர் சொன்னார்: "தூங்காதடா வெர்லின். உன்ன விட்டுட்டு வீட்டுக்குப் போனா உங்க அக்கா என்னை உள்ளயே விட மாட்டா."

பெயரைச் சொன்னார், அக்கா. நர்ஸ் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சரியாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் சரியாக மாட்டார். கார்லிடம் இதைச் சொல். அப்பாவால் மாமா சாகப் பார்த்தார் என்பது தப்பு. அப்புறம் அவன் என்ன முடிவெடுத்தாலும் தெரிந்து எடுக்கட்டும்.

வெர்லின்

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று கார்ல் வந்தான். பெட்டியோடுதான் வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்ற இடமில்லை, அவ்வளவு பேர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் எதற்கு வந்தோம் என்று சொல்லவில்லை. பெர்னிஸ் தான் ஓவனில் வேக வைத்துக் கொண்டுவந்த நூடுல்ஸ் தட்டை அவன் கையில் கொடுத்து, "சாப்பிடுப்பா" என்றாள். கெர்மிட், "கோடை வரைக்கும் ஆளுக்கொரு நாள்னு பிரிச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். என் குரல் போய்விட்ட இடத்தில் எல்டோரா வாங்கிப் படித்து முடித்தாள். கார்ல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் மேஜை மூலையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். யாருடைய கதையோ கேட்கிற மாதிரி. முடிந்ததும் என்னைப் பார்த்து, "அந்தப் பையன் பொழைச்சானா?" என்றார்.

"பொழைச்சிட்டான்" என்றேன்.

"எங்க இருக்கான்?"

"ஆஸ்பத்திரியில. சனிக்கிழமை வீட்டுக்கு வர்றான்."

"நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடு. தனியா இருக்க வேணாம். இந்த மாதிரி ஆளுங்கள யாராவது பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்."

கார்ல் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான். காலியாகவே எடுத்துக்கொண்டு போனான். சனிக்கிழமை உன்னை அவனே காரில் கூட்டி வருகிறானாம். கதவு திறந்திருக்கும்.

அக்கா